பெயில் ஐயா

எங்கள் கிடங்கில் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தைகள் இரண்டுதான். தேறிய தோல் பாஸ், தேறாத தோல் பெயில். ஆம்பூரில் ஆட்டுத்தோல் பதனிடும் கிடங்கு அது. தோலைத் தடவிப் பார்த்து இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லும் அதிகாரம் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, இருந்தது. அவர் பெயில் என்று சொல்லிவிட்டால் முதலாளி சாயபுவே மறுபேச்சுப் பேசமாட்டார். அப்பா அதே கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்.

நான் நான்காம் வகுப்பை முடிக்கவிருந்த சமயம். அடுத்து என்னை என்ன செய்வது என்று வீட்டில் இருவருக்கும் தினமும் வழக்கு. மேலே படிக்க வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. விரல் முற்றிப் போவதற்குள் நான் தோல் தடவப் பழகிவிட வேண்டும் என்பது மாமாவின் கட்சி.

அப்போதுதான் சாயபு, சீமைக்குப் போகும் சரக்குக்கு எழுத்து வேலை பார்க்க ஒருவரை அழைத்து வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டணத்துக் காலேஜில் படித்தவர். தன் படிப்பை 'பி.ஏ. பெயில்' என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லிக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. அத்தனை தூரம் போய் வந்தவர் என்று பொருள். கிடங்கில் பலர் அதையும் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டு, 'பெயில் ஐயா' என்று மிகுந்த மரியாதையோடு கூப்பிட்டார்கள்.

மாமாவால் மட்டும் அதைச் செரிக்க முடியவில்லை.

"இன்னா மாப்ள இது? பெயிலான தோல நான் மூலையில கடாசுறேன். பெயிலான ஆளுக்கு சாயபு நாற்காலி போட்றாரு!"

"அது வேற பெயில், மச்சான்," என்றார் அப்பா.

"பெயில்ல இன்னா வேற? ஜாஸ்தி பெயில், கம்மி பெயிலா?"

எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனபோது, நேரே அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்று கேட்டுவிட்டேன்.

"ஐயா, உங்கள யாரு தடவிப் பாத்தாங்க?"

கிடங்கே சிரித்தது. அவரும் சிரித்தார். "யாருன்னு எனக்கே தெரியாது தம்பி. அவங்களும் என் மூஞ்சியப் பாத்ததில்ல." பிறகு மாமா பக்கம் திரும்பி, "நீங்க எப்படிப் பாக்கறீங்க மேஸ்திரி? எனக்கும் காட்டறீங்களா?" என்று கேட்டார்.

மாமா இதற்குத்தான் காத்திருந்தார்போல் இருந்தது. "ஒரு வாரம் எங்கூடக் குந்துங்க ஐயா," என்றவர், அப்பாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "படிச்ச கைக்கு இது வருதான்னு பாப்போம். உம் புள்ளைய எதுல போடறதுன்னு அதுல தெரிஞ்சுபூடும் மாப்ள."

ஆக, என் படிப்பு பெயில் ஐயாவின் விரல்களில் வந்து தொங்கியது. தினமும் சோற்றை வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தேன். எழுத்து வேலை முடிந்ததும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்காருவார். தோலை முழங்கால்மேல் போட்டு இழுத்து, வெளிச்சத்தில் தூக்கி, கண்ணை மூடிக் கட்டைவிரலால் தேடுவார். "பாஸ்," என்பார். மாமா அதே இடத்தில் ஒரு கத்திக்கீறலைக் காட்டி, "பெயில்," என்பார்.

"அரே, தோலும் பெயில், ஐயாவும் பெயில்!" என்று தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்.

அவர் அடுத்த தோலை எடுப்பார். மாமா முதுகை நிமிர்த்திப் பீடி பிடித்துத் திரும்பி வரும்வரையில்கூட அவர் எழுந்திருக்கவில்லை. வாரம் முடிந்தபோதும் தப்புகள் குறையவில்லை. என் கதையும் முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். "அவருக்கு இந்த சென்மத்துல கை வராது," என்றார். உடனே அவரே தொடர்ந்தார்.

"ஆனா இன்னாமா குந்துறாரு மாப்ள! நம்ம பசங்க அரை நாள் குந்துனா பேஜாருன்னு ஓடிப்பூடறானுங்க. காலேஜில இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்க போல. பெயிலானவரே இப்படின்னா, பாஸானவன் எப்படிக் குந்துவான்! பையன் படிக்கட்டும்."

இப்படித்தான் என் படிப்பு தொடர்ந்தது. உட்காரக் கற்றுக்கொள்ளவே காலேஜ் என்று நானும் வெகுகாலம் நம்பினேன். பிறகு காலேஜில் சேர்ந்தேன். அரை மணி நேரம் ஓரிடத்தில் தரிக்காதவர்களும் அங்கே சுகமாகத் தேறிப் போவதைக் கண்டேன்.

அந்த வாரத்தின் கடைசி நாளில் மாமா, "போதும் ஐயா, எழுந்திருங்க," என்று சொன்னபோது பெயில் ஐயா அண்ணாந்து பார்த்து, "இன்னும் ஒரு கட்டு தோல் பாக்கறேனே மேஸ்திரி," என்றார். வேலையில் எத்தனை ஆசை என்று நான் வியந்து நின்றேன். அது கெஞ்சல் என்பதும், இங்கேயும் தேறாமல் எழுந்தால் நாற்காலி போய்விடும் என்று அவர் பயந்தார் என்பதும், அப்புறம் அவர் திரும்பிப் போக ஒரு வீடு காத்திருந்தது என்பதும், அந்த வீட்டில் யாரும் அவரைப் பெயில் ஐயா என்று கூப்பிட மாட்டார்கள், அங்கே அவர் வெறும் பெயில்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.