எண் பொருந்தாத ஜி.டி.ஓ.

1967-ஆம் வருட மாடலாக 81,722 ஜி.டி.ஓ. கார்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று நாற்பத்தெட்டு ஆண்டுகளாக டெல்பர்ட் டாக்கெட்டிடம் இருந்தது. 2019 ஆகஸ்டில் அதை விற்பனைக்கு வைத்தார்.

காரைச் செய்த நிறுவனத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே பெயர்: போன்டியாக். டெல்பர்ட் இங்கே வார்ப்பட ஆலையில் உருகிய இரும்பை அச்சில் ஊற்றி என்ஜின் வார்த்தவர். 1964-இல் சாதாரணக் குடும்பக் காருக்குள் பெரிய என்ஜினைத் திணித்ததில் பிறந்தது இந்த மாடல். அறுபத்தேழில் அதற்கு நானூறு கன அங்குலக் கொள்ளளவில் இன்னும் பெரிய என்ஜின் வந்தது. எழுபத்து நான்கில் மாடலை நிறுத்தினார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு காருக்கு அந்தப் பெயரைச் சூட்டி மூன்று ஆண்டு விற்றார்கள். 2010-இல் போன்டியாக் என்ற பெயரிலேயே கார் வருவது நின்றது.

அடுத்த ஆண்டு டெல்பர்ட் இந்தக் காரின் என்ஜினை மாற்றினார். மனைவி நோரீனுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. பழைய என்ஜினின் பெட்ரோல் நெடி பட்டாலே மூச்சு முட்டும். செவர்லே என்ற வேறு காரின் புது என்ஜின், தானாக மாறும் கியர், ஏ.சி. எல்லாம் வைத்தார். ஏழு கோடைகள் நோரீன் ஆக்சிஜன் குழாயோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கழற்றிய என்ஜின் கொட்டகையில் இடத்தை அடைத்ததால், பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்.

நோரீன் 2019 மார்ச்சில் இறந்தார். டெல்பர்ட்டுக்குப் பார்வை மங்கி, ஓட்டுநர் உரிமம் போயிற்று. மாத இறுதியில் கலமசூ என்ற ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே காருக்கு இடமில்லை. யார் வாங்கினாலும் காரை இப்படியே ஓட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

ஞாயிறு காலை, பழைய கார் பிரியர்கள் கூடும் உணவகத்துக்குப் பின்னால் கார்கள் வரிசைகட்டி நின்றன. டெல்பர்ட் பானெட்டைத் திறந்துவிட்டு, காருக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாம் முதலில் ஒன்றையே கேட்டார்கள்.

"பழைய என்ஜின் வச்சிருக்கியா?"

"இல்ல."

கார் புதிதாக வந்தபோது தொழிற்சாலை தந்த சீட்டில் உள்ள எண்ணும் என்ஜினில் குத்திய எண்ணும் பொருந்தினால்தான் இவர்களுக்கு அது கார். அப்படியே நகர்ந்துவிடுவார்கள்.

ஆலையில் கூட வேலை பார்த்த வெய்ன் சும்மா போகவில்லை. "போன்டியாக்குக்குள்ள செவர்லே என்ஜினா? சோறு போட்ட ஆலைக்கே குழி வெட்டிட்டியே, பெருசு!"

"சாவியைத் திருப்பினதும் கிளம்புதுடா."

"என் மச்சினனோட புல்லு வெட்டற மெஷினும்தான் கிளம்புது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெல்பர்ட்டும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மதியம் வரை விலை பேசியது ஒரே ஆள். ரஸ் டெனெகாம்ப், பக்கத்து நகரமான ஃபிளின்ட்டில் பழைய கார்களைச் சீர்செய்பவர். காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பாடி நல்லா இருக்கு, டெல். பாடிக்கு மட்டும்தான் காசு தருவேன்."

"அந்த என்ஜினை என்ன பண்ணுவே?"

"கழட்டிருவேன். அந்த வருஷத்து போன்டியாக் என்ஜின் ஒண்ணு தேடிப் பிடிச்சு வைப்பேன். ஏ.சி.யும் போயிடும்."

"ஒரு வருஷம் இப்படியே ஓட்டிப் பாரேன். வெண்ணெய் மாதிரி போகும்."

"உங்கிட்ட பொய் சொல்ல மனசு வரல, டெல்."

"என் பொண்டாட்டிக்காகத்தான் பண்ணேன்."

"தெரியும். வெய்ன் சொன்னான்." ரஸ் தரையைப் பார்த்தார். "அந்த இரும்பை மட்டும் நீ தூக்கிப் போடாம இருந்திருந்தா, இன்னிக்கு இங்க வரிசை நின்னிருக்கும்."

"அதை வார்த்ததே நானாக்கூட இருக்கலாம்," என்றார் டெல்பர்ட்.

இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் வரவில்லை. பிறகு ரஸ்ஸைக் கைகாட்டி அழைத்து, பத்திரத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டார். மங்கிய கண்ணுக்கு எழுத்து தெரியாததால் ரஸ் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே சட்டப்படி நம்பர் பிளேட் காரோடு போகாது, விற்றவரிடமே இருக்க வேண்டும். வெய்ன் அதைக் கழற்றி அவர் மடியில் வைத்தார்.

சனிக்கிழமை ஃபிளின்ட்டில் என்ஜினை வெளியே எடுக்கிறார்கள்.