முழங்கால் உயரத்தில் நின்ற ஷட்டர்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால், காய்கறிக் கடைக்காரர் முதல் எதிர்வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு கார், ஓர் ஆசிரியர், காரின் கூரைமேல் ஒரு பலகை. அவருடைய பயிற்சிப் பள்ளி அவ்வளவுதான்.

காரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஓட்டுபவரின் காலடியில், எல்லாக் கார்களிலும் இருப்பதுபோல், மூன்று பெடல்கள்: கிளட்ச், நடுவில் பிரேக், வலது ஓரத்தில் ஆக்சிலரேட்டர். பக்கத்து இருக்கையின் காலடியில் மாஸ்டருக்கென்று தனியாக இரண்டு பொருத்தப்பட்டிருந்தன: கிளட்ச்சும் பிரேக்கும். வேகத்தைக் கூட்டும் வேலை ஆசிரியருக்கு இல்லை. ஆகவே அவர் பக்கத்தில் வலது ஓரத்தில் இருப்பது பிரேக். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவருடைய வலது பாதம் குடியிருந்தது அதன் மேல்தான்.

முதல் நாள் வகுப்பில் அவர் காரை நகர்த்த விடமாட்டார். எஞ்சினை அணைத்து வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு பெடலாகக் காலால் தேடி அழுத்தச் சொல்வார். பதினைந்து முறை. பதினைந்தும் சரியாக இருந்தால் மறுநாள் கார் நகரும். பதினான்கு சரியாக இருந்தாலும், “நாளைக்கு வாங்க, திரும்பப் பார்க்கலாம்” என்பார். அதில் சிபாரிசு செல்லாது. சொந்த மைத்துனனே மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, நான்காம் நாள் வராமல் நின்றுவிட்டான்.

கார் ஷெட் வீட்டோடு ஒட்டியது. சமையலறைப் பக்கம் ஒரு சிறிய கதவு. தெருப் பக்கம் இரும்பு ஷட்டர். காலையில் ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவைத்து, புகை வெளியேற வழி செய்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் காதுகொடுத்துக் கேட்பது அவர் வழக்கம். பிறகு கியரைப் போட்டுக் கிளட்ச்சையும் பிரேக்கையும் சோதிப்பார். எல்லாம் சரி என்றால் இறங்கிப் போய் ஷட்டரை முழுவதும் தூக்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சோதிக்கும்போது கார் ஒரு சாண் முன்னே நகர்ந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். கார் பாய்ந்தது. தகரம் கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டு எஞ்சின் தானாக நின்றபோது, அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். ஷட்டர் வயிறு தள்ளியதுபோல் வெளிப்பக்கம் உப்பி, முழங்கால் உயரத்திலேயே சிக்கிக்கொண்டிருந்தது.

மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

“என்னங்க ஆச்சு? அடி பட்டுச்சா?”

“ஒண்ணும் இல்ல. முழுசாத் தூக்கிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். ஷட்டர் தானா இறங்கிடுச்சு.”

அந்த வாக்கியம் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தயாராக இருந்ததுபோல் வந்தது.

மூன்றாம் நாள் ஷட்டர்காரர் வந்தார். மனைவி வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஷட்டர் போட்டுக்கொடுத்தவர். மைத்துனனும் வந்திருந்தான். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் என்பதால், இரும்பு சம்பந்தமான எதிலும் அவனைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது அவன் கட்சி.

“மாமா, கதவைத் திறந்துட்டு வெளிய போகணும்கிறது எத்தனாவது கிளாஸ்ல வரும்?”

“நீ நின்னுட்டியே மாப்ளே, அதுக்கு மறுநாள்.”

“சிரிக்காதடா” என்றார் அவன் அக்கா. “இது தானா இறங்கினப்ப கீழ ஆள் இருந்திருந்தா? நான் தினம் அதுக்கடியிலதான் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போறேன். இதை ஒட்டுப் போட்டு வெச்சுக்கிற கதையே வேண்டாம். புதுசு போட்டுடலாம்.”

“மோட்டார் வெச்சே போட்டுடலாம்க்கா. ரிமோட்ல ஏறும், ரிமோட்ல இறங்கும். மாமா மகாராஜா மாதிரி உட்கார்ந்துட்டே போகலாம்.”

ஷட்டர்காரர் ஏணி போட்டு ஏறி, மேலே உருளையைத் தட்டினார். ஷட்டரைத் தாங்கி நிறுத்தும் ஸ்பிரிங்கின் முனையைக் கையால் அசைத்துப் பார்த்தார். இறங்கி, இரண்டு ஓரங்களிலும் பட்டைகள் ஓடும் சேனலில் விரலை விட்டுத் தடவினார். பிறகு குனிந்து ஷெட்டுக்குள் நுழைந்து காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

“ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கும்மா. இன்னும் பத்து வருசத்துக்கு அதைப் பத்திப் பேச வேண்டாம். அஞ்சு பட்டை போயிருக்கு. இந்தப் பக்கச் சேனல் வாய் விரிஞ்சிருக்கு. பட்டையை மாத்தி, சேனலை நிமித்தினா ஒரு நாள் வேலை. புதுசு எதுக்கு?”

“அப்ப தானா எப்படி இறங்குச்சு?”

“மேல இருந்து இறங்கியிருந்தா பானெட் மேல கோடு விழுந்திருக்கணும். அது கண்ணாடி மாதிரி இருக்கு. அடி பம்பர்ல இருக்கு. பட்டையெல்லாம் உள்ள இருந்து வெளிய உப்பியிருக்கு.”

“அப்படின்னா?”

“நான் ஷட்டர்காரன்மா. ஷட்டர் சொல்றதைச் சொல்றேன். வேற எதுவும் நான் கேக்கல.”

மூவரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் உப்பிய பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுது பார்க்கலாம் என்றால், ஸ்பிரிங்கில் குறையில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். குறை ஸ்பிரிங்கில் இல்லையென்றால் எங்கே என்ற கேள்வி அடுத்து வரும். அதற்கு அவரிடம் விடை இருந்தது. அந்த விடையைச் சொன்னபின் அவர் ஆசிரியர் இருக்கையில் உட்கார முடியாது. வேறு எந்த வேலையும் அவர் கற்றதில்லை.

“பழசாயிடுச்சு. புதுசே போட்டுடுங்க” என்றார்.

மைத்துனன் கையைத் தட்டினான். ஷட்டர்காரர் தோளைக் குலுக்கிவிட்டு அளவெடுத்தார். ஒரு வாரம் ஆகும் என்றார். மனைவி மட்டும், “புதுசுதானே?” என்று ஒருமுறை கேட்டார். மாஸ்டர் தலையாட்டினார். அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸைச் சட்டத்தில் பொருத்துவது அந்த அம்மாளின் தொழில். பிசகினால் தலைவலி என்று ஆள் திரும்பி வந்து நிற்கும். அவர் குனிந்து காரின் பம்பரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வலது பாதத்தில் உணர்ச்சி போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சர்க்கரை இருப்பது வீட்டுக்குத் தெரியும். மாத்திரைகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. பாதம் மரத்தது யாருக்கும் தெரியாது. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்து, வார் தளர்ந்துவிட்டது என்று புதிய ஜோடி வாங்கிக்கொடுத்தார். அவரும் கூடவே சிரித்தார். அன்று பயமாக இருந்திருக்க வேண்டும் என்று பிறகு நினைத்துப் பார்த்தார். அப்படி ஏதும் நினைவில்லை. மரத்தது பாதம் மட்டும்தானா என்பதை அவர் ஆராயவில்லை.

ஐந்தாம் நாள் பேக்கரிக்கார அம்மா வந்தார். நாற்பது வயது, மாஸ்டரிடம் ஒன்பது வகுப்புகள் முடித்திருந்தார். உரிமம் வாங்கிவிட்டால், வேலை பார்க்கும் பேக்கரியில் அடுப்படியிலிருந்து எடுத்து, ரொட்டி கொண்டுபோகும் வேனை அவரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

“கிளாஸ் எப்ப மாஸ்டர்? நான் வீட்டுல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஓட்டிட்டு இருக்கேன். பிள்ளைங்க பின்னாடி உட்கார்ந்து டிக்கெட் கேக்குதுங்க.”

“ஷட்டர் மாட்டின மறுநாள் வந்துடுங்கம்மா.”

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க பக்கத்துல இருந்தாப் போதும். எப்படியும் பிரேக் மாஸ்டர் கால்ல இருக்குங்கிற தைரியத்துலதான் நான் கிளட்ச்சையே விடறேன்.”

அவர் போன பிறகு மாஸ்டர் வாசலில் நின்றார். இது மூன்றாவது பொய் என்று எண்ணிக்கொண்டார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

சமையலறைக் கதவு வழியாக ஷெட்டுக்குள் போனார். ஷட்டரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெளிச்சம் கிடந்தது. காரின் கதவைத் திறந்து தம்முடைய ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தார். எஞ்சினைத் தொடவில்லை. கண்ணை மூடினார்.

பிரேக். அழுத்தினார். கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தார். பாதம் பிரேக்கின் மேல் இருந்தது.

மறுபடி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிரேக். குனிந்து பார்த்தபோது பாதம் பெடலுக்கு வெளியே காரின் தரைப்பாயை அழுத்திக்கொண்டிருந்தது.

பதினைந்து முறை செய்தார். அவசரப்படவில்லை, மாணவர்களுக்குக் கொடுக்கும் இடைவெளியைத் தமக்கும் கொடுத்தார். ஆறு முறை பாதம் சரியான இடத்தில் இருந்தது. ஐந்து முறை பெடலின் விளிம்பில் பாதியாக நின்றது. நான்கு முறை தரையில். கண்ணை மூடியிருந்த பதினைந்து முறையும், சரியாக வைத்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியிருந்தது.

பிறகு எழுந்து உள்ளே போனார். மனைவிக்கு அன்று விடுமுறை. பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஷட்டர் தானா இறங்கல.”

“தெரியும்” என்றார் அவர், கை நிற்காமல்.

“எப்பத்துலேருந்து?”

“ஷட்டர்காரர் பம்பரைப் பார்த்ததுலேருந்து. வாயைத் திறப்பீங்களான்னு ரெண்டு நாளா பார்த்துட்டு இருக்கேன்.”

“பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை அழுத்திட்டேன். அந்தப் பக்கமே உட்கார்ந்து உட்கார்ந்து, ஓரத்துல இருக்கிறது பிரேக்குன்னு காலுக்குப் பழகிப்போச்சு.”

“சரி. தடுமாற்றம் யாருக்கும் வரும். அதுக்கா ஒரு பொய், ஒரு புது ஷட்டர்?”

“அது மட்டும்னா சொல்லியிருப்பேன். தப்பா வெச்சிருக்கேன்னு கால் எனக்குச் சொல்லல. வலது பாதம் மரத்துப்போச்சு.”

கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

“உட்காருங்க.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி தரையில் அமர்ந்து அவருடைய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“திரும்பிக்குங்க. இப்ப தெரியுதா?”

“எங்க?”

“இப்ப?”

“அழுத்துறியா என்ன?”

“நகத்தால கிள்ளிட்டு இருக்கேன்.”

“தெரியல.”

“அன்னிக்கு எவ்வளவு பலமா அழுத்தினீங்க?”

“அதுவும் தெரியல.”

மனைவி பாதத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. “இந்தக் காலை வெச்சுக்கிட்டா ஒரு வருசமா ஊராரை ஏத்திட்டுப் போனீங்க?” என்றார். குரல் உயரவில்லை. அழுகை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

பிறகு மனைவி எழுந்து போய் ஷட்டர்காரருக்குப் போன் செய்தார்.

“அண்ணே, புதுசு வேண்டாம். அஞ்சு பட்டையை மட்டும் மாத்துங்க. ஆமா, ஸ்பிரிங்ல ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரர்தான் இடிச்சுட்டார்.”

செய்தி கேட்டு மைத்துனன் வந்து, ரிமோட் போச்சே என்று அங்கலாய்க்க வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி மாமா, நல்ல டாக்டரா ஒருத்தரைப் பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை; பக்கவாட்டில் உருவித்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மதில். உருவ இடமில்லாததால் ஷட்டர் முழுவதையும் கழற்றித் தெருவில் பாய்போல் விரித்தார்கள். ஷட்டர்காரர் ஐந்து பட்டைகளை உருவி ஐந்தைக் கோத்தார். பழையவை சாம்பல் நிறம், புதியவை பளபளத்தன. மாட்டிவிட்டு, மேலும் கீழும் மூன்று முறை ஓட்டிக் காட்டினார். எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நின்றது.

மறுநாள் பேக்கரிக்கார அம்மா வந்தபோது வாசலில் இன்னொருவரும் இருந்தார். பக்கத்துப் பேட்டையில் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். காக்கை பறந்தாலும் ஹாரன் அடிப்பார் என்பதால் தொழில் வட்டாரத்தில் அவருக்கு ஹாரன் என்றே பெயர்.

“பிரேக் இனிமே இவர் கால்ல இருக்கும்மா” என்றார் மாஸ்டர். “என் கால் சரியில்ல. உணர்ச்சி போயிடுச்சு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அந்த அம்மா அவர் காலைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். ஒன்பது வகுப்புகளை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பவர்போல் நின்றார்.

“நீங்களும் வாங்க மாஸ்டர்” என்றார் கடைசியில். “பின்னாடி சும்மா உட்காருங்க.”

“வாங்கண்ணே” என்றார் ஹாரன். “நான் தப்பாச் சொல்லித்தந்தா தலையில ஒண்ணு போடுங்க.”

தம் காரின் பின்னிருக்கையில் மாஸ்டர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. அங்கிருந்து பார்த்தால் சாலை பாதிதான் தெரிந்தது. மற்ற பாதி இரண்டு தலைகள். கார் ஷெட்டைவிட்டு வெளியே வந்து, தெருவைக் கடந்து, பெரிய சாலையில் ஏறியது. அந்த அம்மா சரியாகத்தான் ஓட்டினார். கியர் மாற்றுவது மட்டும் சற்றுத் தாமதம்.

மருத்துவமனைத் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஹாரன் தம் பக்கத்துப் பிரேக்கை அழுத்தினார். கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமலே போனார்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது பாதம் முன்னிருக்கையின் அடியில் பாயை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. அதைக் கையால் தூக்கிப் பின்னால் நகர்த்தி வைத்தார். கிளட்ச்சை மெதுவாக விடச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் ஹாரனே அதைச் சொல்லிவிட்டார். கார் மறுபடி கிளம்பியது.