போகிறவரைப் பின்னால் கூப்பிடுவதில்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியாது. வட பின்லாந்தின் வரைபடம் அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். மூலைகள் சுருளாமல் இருக்கச் சீனிப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், அவருடைய கண்ணாடிக்கூடு, என்னுடைய முழங்கால் எண்ணெய். நானும் அவரும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்து சாப்பிடுவோம். மாசி மாதம் வரைக்கும் இதே கதைதான். ஈஸ்ட் ஹாமில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து நடக்காது என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

கூத்தைத் தொடக்கி வைத்தவர் அவருடைய தம்பி. தம்பி அந்த நாளிலேயே வட நோர்வேக்குப் போய் மீன் தொழிற்சாலையில் வேலை எடுத்து, அங்கேயே குடும்பமாகிவிட்டவர். மகள் பெரியபிள்ளையானதும் சாமத்தியவீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். வெளியே இடுப்பளவு பனி, உள்ளே பட்டுச் சீலையும் வாழைக்குலையும். அடுத்த நாள், பனிமேல் ஓடுகிற தன்னுடைய ஸ்னோ ஸ்கூட்டரில் அண்ணனை ஏற்றி உறைந்த ஏரியைச் சுற்றிக் காட்டினார். இறங்கி வந்த மனுஷனின் முகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இவ்வளவு மலர்ந்திருக்கவில்லை.

அந்த முகத்துக்காகத்தான் நான் சம்மதித்தேன். அதற்கு முந்திய வருடம்தான் அவர் வேலையை விட்டிருந்தார். லண்டனுக்கு வந்த நாள் முதல் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பிள்ளைகள் வளர்ந்ததை அவர் பகல் தூக்கத்தின் இடைவெளிகளில்தான் பார்த்தார். ஓய்வு கிடைத்ததும் மனுஷன் நன்றாக இருப்பார் என்று நினைத்தேன். முன்னறை ஜன்னலோரம் இருந்த கதிரையில் போய் இருந்தார், அவ்வளவுதான். டிவி சத்தமில்லாமல் ஓடும். கேட்டதற்குப் பதில் வரும், கேட்காவிட்டால் ஒன்றும் வராது. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும். மாதக்கணக்காக அந்தக் கதிரையைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. ஆகவே, நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒருமுறை ஸ்கூட்டரில் தூரப் பயணம் போவோமா என்று அவர் கேட்டபோது, யோசிக்காமல் ஓம் என்றேன். வாயால் கெட்டதாம் தவளை.

ஒருமுறை என்றது வருடாவருடம் ஆயிற்று. நோர்வேயில் ஓட்டக் கட்டுப்பாடு கூட என்று, எல்லைக்கு அப்பால் பின்லாந்தில், ஏரி ஏரியாக, குடில் குடிலாக, ஒரு கிழமை, ஏழு நாள். எந்த இடத்தில் எண்ணெய் அடிக்கலாம், அடுத்த பம்ப் மூடியிருந்தால் என்ன செய்வது, எந்தக் குடிலில் விறகு இருக்கும், இதையெல்லாம் அவர் வரைபடத்தின்மேல் குனிந்து மணிக்கணக்காக யோசிப்பார். காலம் முழுக்கப் பிறத்தியாருக்கு எண்ணெய் விற்ற மனுஷன், இப்போதுதான் தனக்கென்று ஒரு தாங்கியை நிரப்புகிறார். பகுத்தறிவு பேசுகிறவர்தான், ஆனால் விமானம் ராகு காலத்தில் ஏறினால் வேறு நாள் பார்ப்பார். வாடகைக்குத் தருகிறவன் ஒவ்வொரு வருடமும், சீட் நீளமானது, இரண்டு பேருக்கு ஒரு மெஷின் போதுமே என்று சொல்வான். இவர் விடமாட்டார். பின்னால் தொங்கிக்கொண்டு போவதெல்லாம் ஒரு பயணமா, என் மனிசியும் ஓட்டுவாள் என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

மனிசிக்கு என்ன ஏலும், என்ன ஏலாது என்று மட்டும் கேட்கமாட்டார்.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்ற நிலை. பெப்ரவரியில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை பூட்டும். என்னோடு வேலை செய்கிற பெண்கள் அந்தக் கிழமை காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். நான் விண்வெளிக்குப் போகிறவளைப்போல உடுத்திக்கொண்டு பனிக்குள் நிற்பேன். உள்ளே ஒன்று, அதற்குமேல் கம்பளி, அதற்குமேல் இன்னொன்று, அதற்குமேல் பொங்கிய காற்சட்டை. கல்யாணப் பெண்ணைச் சோடிக்கவும் இவ்வளவு நேரம் எடுக்காது. எல்லாம் பூட்டி முடிந்ததும் ஒன்றுக்கு வரும். அப்போது நான் அவரையும் அவருடைய தம்பியையும் நோர்வே நாட்டையும் சேர்த்துத் திட்டுவேன். ஹெல்மெட்டுக்குள் பேசுகிற கருவி இருந்தபடியால் அவருக்கு எல்லாம் கேட்கும். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டார். சாப்பாடும் என் பொறுப்புத்தான். மீன் ரோல்ஸ் பொரித்து, ஈயத்தாளில் சுற்றி எஞ்சின் சூட்டுப்பக்கம் செருகிவிட்டால், மத்தியானம் ஏரி நடுவில் ஆவி பறக்கத் தின்னலாம். அது மட்டும் நல்லாய்த்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

போன பெப்ரவரிக்கு முன்னமே நான் முடிவு எடுத்துவிட்டேன். இதுதான் கடைசி. எனக்கு இனி ஏலாது என்று சொல்லிவிட வேண்டும். எப்போது சொல்வது என்பதுதான் சிக்கல். புறப்படும்போது அபசகுனமாகச் சொல்லக் கூடாது. வழியில் சொன்னால் மனுஷன் யோசனையோடு ஓட்டுவார். கடைசிக் குடிலில், அடுப்பு மூட்டிய பிறகு சொல்வோம் என்று வைத்திருந்தேன். கதிரை என் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஆனாலும் என் முழங்கால்களும் இந்த உடம்பில்தானே இருக்கின்றன.

சகுனம் என்றதும் சிரிக்க வேண்டாம். சாமான் வாங்கப் போனபோது ஹை ஸ்ட்ரீட் கடைக்காரத் தம்பி கூடையைப் பார்த்துவிட்டு, பயணம் தூரவோ அக்கா என்றுதான் கேட்டார். எங்கே என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும். போகிறவரும் போறன் என்று சொல்வதில்லை, திரும்பி வருவதையும் சேர்த்து, போட்டு வாறன் என்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, படி இறங்கிய ஆளைப் பின்னால் கூப்பிடக் கூடாது. அவர் வேலைக்குப் போன காலத்தில் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போவார். நான் வாயைத் திறக்காமல் தெரு முழுக்க ஓடி, அவரை முந்தி, பஸ் தரிப்பில் அவருக்கு முன்னால் போய் நின்று நீட்டுவேன். வெள்ளைக்காரச் சனம் பார்த்துக்கொண்டு நிற்கும். பார்க்கட்டுமே.

மூன்றாம் நாள் ஒரு பெரிய ஏரியைக் கடந்துகொண்டிருந்தோம். காலையில் நன்றாக இருந்த வானம் மத்தியானத்துக்குப் பிறகு இறங்கிப் பனியோடு ஒட்டிக்கொண்டது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. பாதையைக் காட்ட நட்டிருந்த கம்புகள் ஒன்றுவிட்டு ஒன்றுதான் தெரிந்தன. அவர் முன்னால், நான் பின்னால். அவருடைய சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கரையேறுகிற இடத்தில் என் மெஷின் இறுகிய தடத்தைவிட்டு விலகி, பொலபொலத்த பனிக்குள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. எனக்கு அடி ஒன்றும் இல்லை. பஞ்சுப் பொதிக்குள் விழுந்தது மாதிரி விழுந்து கிடந்தேன்.

சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் அவருக்குக் கேட்கும். திறந்தேன். இஞ்சேருங்கோ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்து நின்றுவிட்டது. போகிற மனுஷன். அதுவும் உறைந்த ஏரிக் கரையில், கண் தெரியாத வெள்ளைக்குள் போகிற மனுஷன். இந்த நேரம் பார்த்துப் பின்னால் கூப்பிட்டு, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? விளக்கு சின்னதாகி மறைந்தது. ஓடி முந்திப்போய் முன்னால் நிற்க இது பஸ் தரிப்பும் இல்லை.

பயம் இருந்தது. ஆனால் அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எஞ்சின் நின்றதும் அப்படி ஓர் அமைதி. அந்தக் கிழமையில் முதல்தடவையாக என் கால் உளையாமல் கிடந்தது. எழும்பவே மனம் வரவில்லை. அப்படியே கிடந்து பனி கண்ணாடியில் விழுவதைப் பார்த்தேன்.

எஞ்சின் சத்தம் திரும்பி வருவது கேட்டதும்தான் எனக்குக் கண்ணீர் வந்தது. ஏரியில் பெரிதாக ஒரு வட்டம் அடித்து வந்தார். இறங்கி ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார்த்தி, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகுதான் கோபம் வந்தது.

"ஏன் நீர் கூப்பிடேல்லை?"

"போற ஆளைப் பின்னால கூப்பிடக் கூடாது."

அப்படியே பனிக்குள் இருந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் முணுமுணுப்புக் கேட்காமல் போனதும் மெஷினைத் திருப்பிவிட்டாராம். நான் திட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் பின்னால் எல்லாம் சரி என்று நிம்மதியாக ஓட்டுவாராம். இவ்வளவு வருடம் நான் என்னுடைய அலுப்பைச் சொன்னேன், அந்த மனுஷன் அதைத் தாலாட்டாகக் கேட்டிருக்கிறார். அழுவதா சிரிப்பதா?

பனியைக் காலால் மிதித்து இறுக்கி, இரண்டு பேருமாக இழுத்து என் மெஷினை நிமிர்த்தினோம். ஒரே இழுவையில் எஞ்சின் பிடித்தது. அவர் போய்த் தன்னுடைய மெஷினில் ஏறினார். அது நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இவர் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். இந்த ஸ்கூட்டருக்கு வேகம் கொடுப்பது வலது கைப் பெருவிரலால். பிடியில் இருக்கிற சின்ன நெம்பை விரலால் அமத்த வேண்டும். அவர் இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் அதை அமத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வலது கையுறையைக் கழற்றினேன். பெருவிரல் என் கைக்குள் துணி மாதிரி கிடந்தது. குளிரில் விறைத்த விரல் இப்படி இருக்காது.

டாக்டரிடம் காட்டினாராம், நரம்பு அமுங்கியிருக்கிறதாம், ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம். எல்லாம் அந்தப் பயணத்துக்கு முந்திய கோடையில் நடந்த சங்கதி. எனக்குச் சொன்னால் பயணம் வேண்டாம் என்பேன் என்று மறைத்திருக்கிறார். அன்று காலையிலிருந்து உள்ளங்கையால்தான் நெம்பைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். நிறுத்தினால் திரும்ப எடுக்க முடியுமோ என்ற பயத்தில் எங்கேயும் நிற்கவில்லையாம். எனக்காகத் திரும்பி வந்து நிறுத்தினார். நிறுத்தினதோடு சரி, என் மெஷினை இழுத்ததில் உள்ளங்கையும் ஓய்ந்துவிட்டது.

"எனக்கு இனி ஏலாதப்பா," என்றார்.

அது என்னுடைய வசனம். கடைசிக் குடிலுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதை அவர் முதல் சொல்லிவிட்டார். இனி எனக்குப் பயணம் இல்லை, பெப்ரவரி முழுக்கக் கால் நீட்டலாம். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வந்ததோ ஆத்திரம். அந்தக் கதிரை இவ்வளவு தூரம் எங்களைத் துரத்திக்கொண்டு வந்துவிட்டதே என்று ஆத்திரம். இருட்ட முன்னம் குடிலுக்குப் போய்ச் சேர வேண்டும், அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. எழும்பி வந்து எனக்குப் பின்னால் ஏறச் சொன்னேன். மறுக்காமல் இறங்கினார். தன்னுடைய மெஷினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, அதன் சீட்டில் விழுந்திருந்த பனியை இடது கையால் தட்டிவிட்டார்.

"போட்டு வாறம்," என்று அதுக்குச் சொன்னார்.

அடுத்த நாள் வாடகைக்குத் தந்தவனின் ஆள் வந்து அதை இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் திரும்பி அந்தப் பக்கம் போகவில்லை. அன்று மிச்சத் தூரம் முழுக்க நான் ஓட்டினேன். ஊரில் அவருடைய மோட்டார் சைக்கிளில் நான் அவரைப் பிடித்துக்கொண்டு இருந்தது போல, அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கம்பைப் பார்த்து ஓட்டும், வலப்பக்கம் எடும் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திட்டவில்லை. அவர்தான் இடையில், ஏதாவது சொல்லும் என்று கேட்டார்.

கோடையில் ஒப்பரேஷன் முடிந்தது. கை பிடிக்கும், ஆனால் விரல் அமத்தாது. ஐப்பசியும் பிறந்தது. வரைபடம் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. மேசையில் இருந்து சாப்பிட்டோம். எத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட மேசை. அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழும்பி, கை கழுவி, ஜன்னலோரக் கதிரைக்குப் போனார். டிவி சத்தமில்லாமல் ஓடியது. தேத்தண்ணி ஆடை கட்டியது. இப்படி ஒரு கிழமை பார்த்தேன், இரண்டு கிழமை பார்த்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை அலுமாரிக்குக் கிட்ட இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினேன். எந்த முழங்கால் முதலில் கத்தியது என்று தெரியாது. வரைபடத்தை இறக்கி மேசையில் விரித்து, சீனிப் போத்தலை வைத்து, ஊறுகாய்ப் போத்தலை வைத்தேன்.

"இஞ்சேருங்கோ, ரெண்டு பேருக்கும் ஒரு மெஷின் காணும்தானே?"

அவர் எழும்பி வந்து மேசையருகே நின்றார். வரைபடத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"உமக்கு ஏலுமே?"

"ஏலாது," என்றேன். "கண்ணாடியைப் போடுங்கோ."