நல்ல தண்ணீர் கேட்ட ரேடியேட்டர்

நல்ல தண்ணீர் யாருக்கு, உப்புத் தண்ணீர் யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தார்கள்? கோட்டுச்சேரியைத் தாண்டிய சாலையோரத்தில், முன்மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்த எங்கள் காருக்கு முன்னால் நின்றபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீடு கோட்டுச்சேரிமேட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது. கடல் அருகில் என்பதால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர் உப்பு. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் இரண்டு வகை. காலையில் சிறிது நேரம் மட்டும் தெருக்குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது குடிக்கவும் சமைக்கவும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். நான் சமூகப்பணியில் பட்டம் பெற்றவள். பழைய கார் ஒன்று வீட்டுக்கு வந்து, அதன் ரேடியேட்டருக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற நேர்ந்தபோது, மனிதர் குடிக்கும் நீரை இயந்திரத்துக்கு வார்ப்பது நியாயமல்ல என்று தீர்மானித்தேன். ஓராண்டுக்கும் மேலாக அதற்குப் போர் தண்ணீரே ஊற்றினேன். ஒவ்வொரு முறை மூடியைத் திருகும்போதும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு இருந்தது.

அன்று அம்மாவுக்கு ஓட்டுநர் தேர்வு. ஐம்பதை நெருங்கும் வயதில், பூவத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்ற ஒரே ஆசையில் கார் ஓட்டப் பழகியவர் அவர். முதல் தேர்வில், எதிரே வந்த தெரிந்தவர் ஒருவரைக் கண்டதும் ஸ்டியரிங்கிலிருந்து இரு கைகளையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதிகாரி அத்துடன் வண்டியை நிறுத்தச் சொன்னார். பழகுநர் உரிமம் அடுத்த நாளோடு காலாவதியாகிறது. “இதுவும் போச்சுன்னா நான் அந்தச் சக்கரத்தைத் தொடவே மாட்டேன்டி” என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்பவர் அல்லர். பதினொரு மணிக்குள் காரைக்காலில் இருக்க வேண்டும். அம்மா ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து வந்தபோதுதான் வெப்பமுள் மேலேறியது.

நல்லவேளையாக, நின்ற இடத்துக்கு எதிரிலேயே ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்துபவர் முன்பு கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்கு வேலை பார்த்தவராம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

“சூட்டோட தொறந்தா மூஞ்சிய யார் ரிப்பேர் பண்றதுங்க? ஆறட்டும்.”

ஆறிய பிறகு, ரேடியேட்டரின் மேல்குழாயை இறுக்கியிருந்த வளையத்தைக் கழற்றினார். ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அது மாட்டிக்கொள்ளும் உலோக முனையைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தது. விரலால் தட்டியதும் முனையின் விளிம்பு பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது.

“எந்தத் தண்ணிங்க ஊத்துறீங்க?”

“போர் தண்ணி” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். “நல்ல தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு.”

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். “அக்கா, ஒங்க பொண்ணு வண்டிக்குள்ள உப்பளம் போட்டு வச்சிருக்குங்க!”

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். உப்பு உலோகத்தைத் தின்னும் என்பதைத் தவிர. தெருக்குழாயில் ஒரு சொம்பு மிச்சமானது உண்மை. அந்தச் சொம்பின் விலையாக அம்மாவின் பல மாத உழைப்பு போகவிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டி, எனக்குக் காபியும் அந்தத் தண்ணியிலதான் போட்டியா?”

புதிய முனை அன்று கிடைக்காது. ஆனால் உதிர்ந்த பாகத்துக்குப் பின்னால் உறுதியான உலோகம் இரண்டு விரற்கடை அளவுக்கு இருந்தது. அதை அரத்தால் தேய்த்துச் சமன் செய்து, குழாயின் வெடித்த நுனியை வெட்டி, மீதியை முனையின் மேல் தள்ளி மாட்டி இரண்டு வளையங்கள் போட்டு இறுக்கலாம் என்றார். “பத்து நாள் தாங்கும். அதுக்குள்ள புது முனை போட்டுரணும்.” அதற்கு முன் உள்ளே இருக்கும் உப்பை முழுவதும் அலசி எடுக்க வேண்டும்.

“அஞ்சாறு கொடம் நல்ல தண்ணி வேணுங்க.”

தெருக்குழாயில் தண்ணீர் நின்று வெகுநேரமாகியிருந்தது. என்ன செய்வதென்று நான் விழித்துக்கொண்டிருக்க, அம்மா பக்கத்து வீட்டுப் படலைத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டுப் பெண் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தார். பின்னாலேயே இன்னும் இருவர். அத்தனையும் அவர்கள் காலையில் வரிசையில் நின்று பிடித்து வைத்த குடிதண்ணீர்.

“வேணாங்க, ஒங்களுக்குக் குடிக்க வேணும்” என்றேன்.

“நாளைக்கும் கொழாய்ல வரும். லைசென்சு நாளைக்கு வருமா? ஊத்துங்கம்மா!” என்றார் முதலில் வந்தவர்.

பழுப்பு நிற நீர் கீழே வாளியில் இறங்கியது. அதை வாய்க்காலில் விடவேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டேன். “இவ்ளோ நாளும் வண்டிக்குள்ள உப்ப ஊத்திட்டு, இப்ப வாய்க்காலுக்குப் பரிஞ்சு வர்றீங்க” என்றபடியே, வாளியைப் பின்னால் இருந்த குழிக்கு எடுத்துப் போனார்.

அதற்குள் அம்மா சாலையோரத்தில் அந்த மூன்று பெண்களையும் வரிசையாக நிறுத்தி, வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கம் திரும்ப, நிறுத்த என்று கைச்சைகைகளை ஒப்பித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்களும் கூடவே கையை நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து வந்த பேருந்து, நால்வரும் தன்னைத்தான் நிறுத்துகிறார்கள் என்று நம்பி நின்றுவிட்டது. நடத்துநர் எட்டிப் பார்த்தார்.

“ஏறுறீங்களா இல்லையா?”

“நாங்க இனிமே பஸ்ல ஏற மாட்டோம், போங்க!” என்றார் குடம் கொண்டுவந்த பெண். கையில் அரத்தோடு மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆறாவது குடம் தெளிவாக வெளியே வந்தது. எதிர்க்கடையில் வாங்கிய கூலண்ட் என்ற பச்சைக் குளிர்விப்பு நீரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தோம். முனையில் ஒரு சொட்டும் கசியவில்லை. அம்மா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

“பாசாயிட்டா இந்தப் பக்கம் ஆரன் அடிச்சிட்டுப் போங்கக்கா!” என்றார் மெக்கானிக்.

தேர்வுத் திடலை அடைந்தபோது பதினொன்றுக்குச் சில நிமிடங்களே இருந்தன. நான் வேலிக்கு வெளியே நின்றேன். முதல் முறை அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே அதிகாரி ஏறி அமர்ந்து, வண்டி நகர்ந்ததும், “வணக்கம்மா” என்றாராம். அம்மா இரு கைகளையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாராம். பின்னோக்கி ஓட்டுவதையும் ஒரே முயற்சியில் முடித்தார்.

திரும்பி வரும்போது பட்டறைக்கு நூறு அடி முன்பே ஹாரனை அழுத்தத் தொடங்கியவர், கடந்து போகும்வரை கையை எடுக்கவில்லை. தேவையில்லாமல் ஒலி எழுப்புவது முறையல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு கண்ணாடியை இறக்கிப் பட்டறையைப் பார்த்துக் கையசைத்தேன்.

அந்த வாரமே புது முனை போட்டோம். கார் இப்போது கூலண்டில் ஓடுகிறது. தேர்வுக்கு மறுநாள் காலையே தெருக்குழாயில் பிடித்து அந்த மூன்று பெண்களுக்கும் ஆறு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தானே ஓட்டிக்கொண்டு பூவத்துக்குப் போகிறார். எதை யாருக்கு மிச்சப்படுத்துவது என்று முடிவு செய்யும் முன், அதைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கேட்கிறேன்.