வெயிலில் கழற்றிய கையுறை

ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருந்த டெலிபோன் அறையில் நானும் அவளும் அடுத்தடுத்த நாற்காலியில் வேலை பார்த்தோம். ஜன்னலே இல்லாத அறை. அங்கே மாற்றல் என்றால் மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவள் கேட்டு வாங்கி வந்தாள். விடியுமுன் உள்ளே நுழைந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே தலைகாட்டுவாள். அதனால் யாரோ கேலிக்கு வைத்த பெயர் ‘சாயங்காலம்’. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. காலையில் கூப்பிடும் டாக்டர்களிடம், "சாயங்காலம் பேசறேன்" என்பாள். புதிதாக வந்தவர்கள் சரி என்று போனை வைத்துவிடுவார்கள்.

நடை பழகிய வயதிலேயே அவள் முகமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். அழுக்கு என்று நினைத்து அவள் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாராம். பள்ளிக்கூடம் போகும்போது மூக்கோரம் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துப் பரிசோதித்தால், புற்றுநோய்.

தோல் டாக்டரம்மாதான் காரணத்தைச் சொன்னார். வெயில் பட்டால் எல்லோருடைய தோலிலும் டி.என்.ஏ இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழை அந்த இடத்தில் புடைத்துக் கோணிப்போகும். உடம்பு அதைச் சும்மா விடாது. ஒரு புரதம் இழையைத் தடவிக்கொண்டே போய்க் கோணலைக் கண்டுபிடிக்கும். ஒரு நொதி இரட்டை இழையைப் பிரித்து வைக்கும். வெட்டும் நொதிகள் இரண்டு வந்து, கெட்ட துண்டை இரண்டு பக்கமும் நறுக்கி எடுத்துவிடும். இன்னொரு நொதி எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்துகளைப் போட்டு நிரப்பும். கடைசியாக ஒன்று வந்து முனைகளை ஒட்டும். இவளுக்கு மற்றதெல்லாம் இருந்தது. கோணலைக் கண்டுபிடிக்கும் முதல் புரதம் மட்டும் சரியாக அமையவில்லை. இடத்தைக் காட்ட ஆளில்லாததால் பழுது அப்படியே தங்கிச் சேர்ந்துகொண்டே போனது. அன்று வீட்டில் மூடிய ஜன்னலை அப்புறம் பகலில் திறக்கவே இல்லை.

பஸ் டிரைவர் ஒருவர், அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், விசாரிக்கப் போன் செய்து இவள் குரலில் விழுந்தார். அக்கா குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் விசாரித்தார். கல்யாணத்துக்குச் சம்மதிக்கும் முன் அவள் டாக்டரம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்: பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமா? பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து அந்த மரபணுவின் நல்ல பிரதி ஒன்று வந்தால் போதும், அந்தப் புரதம் ஒழுங்காகவே உண்டாகும் என்றார் அவர். டிரைவருக்கும் பரிசோதனை செய்து பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை.

பெண் பிறந்தாள். விளையாடிவிட்டு வருகிற குழந்தையின் கன்னத்தை இவள் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு புள்ளி இருக்காது. "ரிப்பேர் பாக்கற ஆளுங்க எல்லாரும் டியூட்டிக்கு வந்திருக்காங்க" என்று மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளியில் ஓட்டப்பந்தயம் வந்தது. எல்லா அம்மாக்களும் வருவார்கள் என்று மகள் மூன்று நாள் முரண்டு பிடித்தாள். தலையிலிருந்து கால்வரை தடித்த துணி, முகத்துக்கு மறைப்புக் கண்ணாடி, கையில் கையுறை என்று மூடிக்கொண்டு, நோய் தெரிந்த பிறகு முதல்தடவையாக அவள் பகலில் மைதானத்துக்குப் போனாள். பிள்ளைகள் பந்தயத்தை விட்டுவிட்டு இவளை வேடிக்கை பார்த்தன.

பாதி ஓட்டத்தில் மகள் குப்புற விழுந்தாள். அப்பா கை நீட்ட, அவரைத் தாண்டி இவளிடம் ஓடி வந்தாள். முரட்டுக் கையுறையால் கண்ணீரைத் துடைக்கப் போக, மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது வேண்டாம்மா. உன் கையால துடை."

டிரைவர் தடுப்பதற்குள் கழற்றிவிட்டாள். அழுகை அடங்குகிறவரை அந்தக் கை வெயிலில் மகளின் கன்னத்தில் இருந்தது.

"வெயில் சுடும்னுதான் சொல்வாங்க," என்றாள் மறுநாள் என்னிடம். "எனக்கு யாரோ கையைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

சில மாதங்கள் கழித்து அந்தப் புறங்கையில் ஒரு புள்ளி தடித்தது. அன்றைய வெயிலா, சின்ன வயதில் சேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு நன்றாகத் திட்டவும் செய்தார். வெட்டித் தைத்தார்கள். டிரைவர் அவளோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை; சாப்பாட்டை மட்டும் பிசைந்து ஊட்டினார்.

அடுத்த வருஷம் அவள் போகவில்லை. பந்தயத்தன்று டிரைவர் மைதானத்திலிருந்து கூப்பிட்டார். அவளுக்கு வந்த அழைப்புகளையும் நானே பார்த்துக்கொண்டேன். விசில் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் எனக்கே கேட்டன. மகள் ஜெயித்தாளா என்று அவள் முதலில் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அங்க வெயில் எப்படிங்க இருக்கு?" என்றாள்.

அவர் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.