அம்மா லிஃப்ட்டாகப் பிறந்தாள்

அம்மா லிஃப்ட் ஓட்டினாள். பத்து மாடிக் கட்டடம். உச்சி மாடியில் முதலாளியின் அறை. பொத்தானை அமுக்க அவரவர் விரலே போதும். ஆனாலும் தன் கட்டடத்துக்கு வருகிறவர்கள் பொத்தான் தேடக்கூடாது என்பது அவருடைய கௌரவம். அந்தக் கௌரவத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் படித்து லிஃப்ட் பொறியாளர் ஆனதும் அதில்தான்.

"என் அளவுக்கு வாழ்க்கையில ஏறினவ யாருடி? ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறுறேன்" என்பாள்.

"இறங்குறதையும் சொல்லும்மா."

"அதை எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு?"

கட்டடத்தில் அவளுக்கு லிஃப்ட்டக்கா என்று பெயர். வேலை கேட்டு மேலே போகிற பையன்களிடம், "சட்டையில மேல் பித்தானைப் போடுங்க தம்பி" என்பாள். அவர்கள் இறங்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள். கதவைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

லிஃப்ட் மூலையில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. ஒருநாள் முதலாளி ஒரு விருந்தாளியோடு ஏறினார். அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. மறுநாள் ஸ்டூல் இல்லை. "உக்கார்றதுக்கா சம்பளம் குடுக்குறோம்?" என்று முதலாளி மேலாளரிடம் சொன்னார். சொன்னது அதே லிஃப்ட்டில், அம்மாவின் முதுகுக்குப் பின்னால்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்துக்கொள்வாள். கணுக்காலை அமுக்கினால் என் விரல் பதிந்த குழி அப்படியே இருக்கும்.

கட்டடத்தின் ஆண்டு விழாவுக்காக முதலாளி ஒரு வீடியோ கலைஞரை அமர்த்தினார். இளம்பெண். அங்கே வேலை செய்கிறவர்களை ஹிப்னாடிசத்தில் மயங்க வைத்து, அடுத்த பிறவியில் யாராக இருக்கிறார்கள் என்று கேட்டுப் படம்பிடிப்பது அவள் திட்டம். அம்மா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

"மறுபிறவியெல்லாம் நீ எப்பலேர்ந்து நம்ப ஆரம்பிச்ச?"

"சாய்வு நாற்காலி போட்டிருக்காங்கடி. நல்லா சாஞ்சு உக்காரலாம்."

அந்த மாதமே அம்மா இறந்தாள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. கடைசி நாள் முழுக்க மூச்சுக்குத் தவித்தாள்.

காரியம் முடிந்தபின் கலைஞர் வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினாள். நாற்காலியில் அம்மா, கண் மூடியிருக்கிறாள். கலைஞர் அழைத்து வந்திருந்த ஹிப்னாடிசக்காரரின் குரல் மட்டும் கேட்கிறது. "நீங்க ஒரு லிஃப்ட்ல கீழ இறங்குறீங்க. பத்தாவது மாடி. ஒன்பதாவது மாடி. உடம்பு தளருது."

எல்லோருக்கும் அவர் சொல்கிற அதே வசனம். எதிரில் இருப்பது யார் என்று அவர் யோசிக்கவில்லை. அம்மாவின் உடம்பு தளரவில்லை, நிமிர்ந்தது. வலது கை பொத்தானைத் தேடியது.

"எட்டாவது மாடி. தூக்கம் வருது."

"லிஃப்ட்ல தூங்கினா வேலை போயிரும் சார்."

அவர் விடாமல் கேட்டார். "சரி, அடுத்த பிறவியில யாரா இருக்கீங்க?"

"லிஃப்ட்டா." உதட்டோரம் ஒரு சிரிப்பு. "இதே கட்டடத்துலதான். முதலாளி ஏறுறாரு. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல நிறுத்திட்டேன். பயப்பட வேணாம், விழமாட்டேன். உக்காரணும்னு அவரே வாயைத் திறந்து கேக்கட்டும். கேட்டா விட்டுருவேன்."

அவள் மயங்கினாளா, நடித்தாளா என்று எனக்குத் தெரியாது.

"முதலாளி பார்த்துட்டாரு. பேச்சை வெட்டிட்டு, சிரிச்ச முகத்தை மட்டும் வைக்கச் சொல்லிட்டாரு" என்றாள் கலைஞர்.

"நீங்களும் வெட்டிட்டீங்களாக்கும்."

வெட்டாத பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கள் நிறுவனத்தில் கேட்டு, அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் பராமரிப்பை நான் வாங்கிக்கொண்டேன். படம் ஓட வேண்டிய திரை லிஃப்ட்டுக்குள்ளேயே, அம்மா நின்ற மூலையில். அதைப் பொருத்தியதும் நான்தான்.

விழா அன்று முதலாளியும் கலைஞரும் கீழ்த்தளத்தில் ஏறினார்கள். நான் மொட்டைமாடியில், இயந்திர அறையில் இருந்தேன். பிரேக்கையும் கம்பிவடத்தையும் காலையிலேயே சோதித்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. எட்டைத் தாண்டியதும் நிறுத்தினேன்.

இன்டர்காமில் முதலில் அம்மாவின் குரல்தான் வந்தது. படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அப்புறம் மணி.

"யாரது மேல? என்ன ஆச்சு?"

"பாத்துட்டிருக்கேன் சார்."

"இந்தப் படத்தை நிறுத்து."

"அது தனி லைன் சார்."

மறுபடி ஓடியது. சுவரில் யாரோ சாய்ந்த சத்தம். மறுபடியும் அம்மா சொன்னாள், "கேட்டா விட்டுருவேன்." முதலாளி இருமினார். நான் காத்திருந்தேன். அம்மா எத்தனை வருஷம் நின்றாள், எனக்கு அவசரமில்லை.

கடைசியில் அவர் குரல் இறங்கி வந்தது. "முட்டி தாங்கல. உக்கார ஏதாவது இருக்கா இங்க?"

"இருந்துச்சு சார். எடுத்துட்டாங்க."

லிஃப்ட்டை விட்டேன். அம்மா கொடுத்த வாக்கு அது. என்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

மறுநாளே என்னை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கலைஞர் போனில் கூப்பிட்டாள். முதலாளி இப்போது லிஃப்ட்டில் ஏறுவதே இல்லையாம். உச்சி மாடிவரை படிதான்.

"ஒவ்வொரு மாடியிலயும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. மூச்சு வாங்குது அவருக்கு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"வாங்கட்டும்" என்றேன்.