வாசப்படிக்கு வெளியே வைத்த சொல்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வேலை போகிற மாதிரி ஒரு காரியம் செய்தவன் நான். அறுபதுகளின் நடுவில், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. நான் புது சேல்ஸ்மேன். ஓர் அம்மாள் மாம்பழக் கலரில் மயில் பார்டர் கேட்டார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "இல்லைம்மா" என்றேன்.

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்தே விட்டார்.

"டேய், லட்சுமி இருக்கிற எடத்துல இன்னா வார்த்தைடா அது? வாசப்படிக்கு உள்ள அது வரக் கூடாது. தறியில இருக்குது, வந்துடும்னு சொல்லு. யாரையும் 'போ'ன்னும் சொல்லாத. 'போயிட்டு வா'ன்னு சொல்லு."

"தறியிலயும் இல்லைன்னா, முதலாளி?"

இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். லீவு கேட்டால், "தறியில இருக்குதுப்பா" என்பார். மறுத்தார் என்று யாரும் குறை சொல்ல முடியாது. கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது.

2. வாலாஜாபாத்தில் கவிழ்ந்த கதை

அமாவாசைக்குக் கடை லீவு. அன்று அம்மாவோடு வாலாஜாபாத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் சரோஜா. அவள் அப்பா ரைஸ் மில் மேஸ்திரி. சரோஜா காபி கொண்டுவந்து வைத்த நிமிஷமே, கட்டினால் இவளைத்தான் என்று எனக்கு ஆகிவிட்டது.

"சொந்த வீடு இருக்குதா தம்பி?" என்றார் மேஸ்திரி.

"தறியில இருக்குதுங்க."

ஏதோ தொழில் பேச்சு என்று தலையாட்டினார். அடுத்த கேள்வியில்தான் கவிழ்ந்தேன்.

"சாராயம் கீராயம், பழக்கம் எதுனா இருக்குதா?"

எனக்கு டீயே அதிகம். ஆனால் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல் தொண்டை வரை வந்து, முதலாளியைக் கண்ட மாதிரி நின்றுவிட்டது. வாய் தானாகப் பேசியது.

"இப்போ ஸ்டாக் தீந்துடுச்சுங்க. அடுத்த வாரம் வந்துடும்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். கடைச் சட்டத்தை விளக்கி, என் பையன் குடிக்காதவன் என்று அவள் நம்பவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. உள்ளே சிரிப்புச் சத்தம். பிறகு சரோஜாவின் குரல்.

"அப்பா, இல்லைன்னு சொல்லத் தெரியாதவரைக் கட்டிக்கினு நான் இன்னாப்பா பண்றது?"

"இல்லைங்க, இல்லைங்க" என்றேன் அவசரமாக.

"இங்க யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. அவங்க முதலாளி எதிர்ல சொல்லட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் உள்ளேயிருந்தே.

3. கிளிப்பச்சை

அடுத்த வாரமே அப்பாவும் பெண்ணும் கடைக்கு வந்துவிட்டார்கள். முகூர்த்த சீசன், கடை நிறைய ஜனம்.

"கிளிப்பச்சையில கோபுர பார்டர் இருக்குதா?" என்றாள் சரோஜா.

அந்தக் கலர் தீர்ந்து போனது எனக்குத் தெரியும். கேட்கும்போதே அவளுக்கும் தெரிந்திருக்கும் போல. கல்லாப் பக்கம் சோறு, கவுன்டர் பக்கம் சரோஜா. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்லைங்க."

என் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது. முதலாளி எழுந்தார்.

"டேய், இனிமே உனக்கு இங்க வேலை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். முடிக்க வேண்டிய சொல் அதே சொல். சுற்றிலும் கஸ்டமர். 'போ' என்று சொல்லவும் வழி கிடையாது. 'போயிட்டு வா' என்றால் நான் மறுநாள் வந்து நிற்பேன். யோசித்துப் பார்த்து, படியிறங்கித் தெருவில் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"வெளிய வாடா. ஒண்ணு சொல்லணும்."

"கஸ்டமரைப் பாத்துக்கினு இருக்கேன் முதலாளி."

சரோஜா அதைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அரக்கை எடுங்க. பக்கத்துல இருக்கிறதையும் பிரிங்க. மேல இருக்குதே, அது." நான் பிரித்துக்கொண்டே இருந்தேன். அவர் வெயிலில், நான் ஃபேன் காற்றில். கடைசியில் மேஸ்திரி அரக்குப் புடவையைத் தூக்கி, "இதுக்கு பில் போடுங்க" என்றதும், முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பில்லைத் தெருவில் நின்று போட முடியாதல்லவா.

"யாருக்குங்க முகூர்த்தம்?"

சரோஜா என்னைக் காட்டினாள். நான் சந்தடி சாக்கில் கேட்டுவிட்டேன்.

"அப்போ எனக்கு லீவு, முதலாளி?"

"தறியில..."

"இருக்குதா, இல்லையாங்க?" என்றாள் சரோஜா. கஸ்டமர் வாயை யார் மூட முடியும்?

"இருக்குதும்மா" என்றார் முதலாளி.

புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சம்பளத்தைப் பிறகு கேட்கலாம். செருப்போடு சேர்த்து எந்தச் சொல்லை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு அவசரத்துக்கு வேண்டியது அதுவாகத்தான் இருக்கும். முதலாளிக்கும் அதுதான் வேண்டியிருக்கும். அவரையும் வெளியே வந்துதான் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.